தாத்தா வேடத்தில் ஒரு கம்யூனிஸ்ட்: பெருமந்தமும் குடும்பத் தொடர்களும்

(தில்லியில் தமிழ்த் தோழர்களுக்கான வாசிப்பு வட்டத்தில், கட்சியின் மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

இந்த வட்டத்தில் வழக்கமாகக் கட்சி ஆவணங்களையும் பொருளாதார நூல்களையும் விவாதிக்கிறோம். இன்று நான் ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது அமெரிக்கத் தொடர்; ஐம்பதாண்டுப் பழையது. முதலாளித்துவ நெருக்கடி ஒன்றை வாழ்ந்து கடந்த மக்கள் பின்னாளில் அதை எவ்வாறு நினைவில் வைத்துக்கொள்கிறார்கள் என்ற கேள்வி நம் பணியோடு நேரடித் தொடர்புடையது. அதற்காகவே இதைத் தேர்ந்தெடுத்தேன்.

தொடரின் பெயர் ‘தி வால்டன்ஸ்’. சிபிஎஸ் நிறுவனம் 1972 முதல் 1981 வரை இதனை ஒளிபரப்பியது. வர்ஜீனியா மாநிலத்தின் மலைப்பகுதியில், பெருமந்தத்தின் மிகக் கொடிய ஆண்டான 1933-இல் கதை தொடங்குகிறது. தாத்தா, பாட்டி, தாய், தந்தை, ஏழு பிள்ளைகள் என அனைவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றனர். குடும்பத்திற்குச் சொந்தமாக ஒரு மரம் அறுக்கும் மில் இருக்கிறது. கையில் காசு தட்டுப்பாடுதான். எனினும் உழைப்புக்கும் பாசத்துக்கும் குறைவில்லை. இரவில் வீட்டு விளக்குகள் அணைய, இருளில் ஒருவருக்கொருவர் நல்லிரவு சொல்லிக்கொள்ளும் குரல்களோடு ஒவ்வொரு வாரமும் கதை நிறைவுறும். கோடிக்கணக்கான மக்கள் அக்குரல்களைக் கேட்டபின் உறங்கச் சென்றார்கள்.

இதனை எழுதியவர் ஏர்ல் ஹாம்னர். 1923-இல் பிறந்தவர். கதை அவருடைய சொந்தக் குடும்பத்தின் கதை. ஆனால் ஒரு மாற்றத்தைக் கவனியுங்கள். ஹாம்னரின் தந்தை மில் முதலாளி அல்லர். மாக்கல் வெட்டி எடுக்கும் நிறுவனம் ஒன்றில் தொழிலாளியாக இருந்தவர். பெருமந்தத்தில் அந்த வேலை பறிபோனது. தொலைவிலிருந்த ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து, வார இறுதியில் மட்டும் வீடு திரும்பினார். ஒரு கிறிஸ்துமஸ் முன்னிரவில் அவர் வரவுக்காகக் குடும்பம் அஞ்சியபடி காத்திருந்த நினைவுதான் 1971-இல் தொலைக்காட்சிப் படமாகி, தொடருக்கு வித்திட்டது. தொடரிலோ தந்தை தனக்குத் தானே எசமானராகிவிட்டார். வேலையிலிருந்து நீக்கப்பட்ட கூலித் தொழிலாளி, சிறு உடைமையாளராக உருமாறினார். அவரை வேலைநீக்கம் செய்ய எவருமில்லை. அவர் போராடவேண்டிய அவசியமும் இல்லை. இந்த ஒரு மாற்றத்திலேயே பெருமந்தத்தின் வர்க்க உள்ளடக்கம் கதையிலிருந்து பெரும்பாலும் வெளியேறிவிட்டது.

விடுபட்டுப் போனவை

வெளியேறியவை எவை? 1933-இல் அமெரிக்க உழைப்பாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலையில்லை. அவர்கள் வீட்டில் அமர்ந்து விதியை நொந்துகொண்டிருக்கவில்லை. 1930 மார்ச் 6 அன்று கம்யூனிஸ்டுகளின் அறைகூவலை ஏற்று நகரங்கள்தோறும் வேலையற்றோர் வீதிக்கு வந்தார்கள். வாடகை தர முடியாத குடும்பத்தின் தட்டுமுட்டுச் சாமான்களை அதிகாரிகள் தெருவில் எறிந்தால், வேலையற்றோர் குழுக்கள் திரண்டு வந்து அவற்றை மீண்டும் வீட்டுக்குள் கொண்டுசென்று வைத்தன. 1932 மார்ச் 7 அன்று, டெட்ராய்ட்டிலிருந்து ஃபோர்டு ஆலையை நோக்கிச் சென்ற பட்டினிப் பேரணியின் மீது போலீசாரும் கம்பெனிக் காவலர்களும் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அதே ஆண்டு ஜூலையில், வாக்களிக்கப்பட்ட ஊக்கத்தொகையைக் கேட்டு வாஷிங்டனில் கூடாரமடித்திருந்த முதல் உலகப்போர் வீரர்களை, அவர்களுடைய சொந்த இராணுவமே டாங்கிகளோடு வந்து விரட்டியது.

அண்டை அயலாரின் அன்பும் பொய்யன்று. ஆனால் மத்திய மேற்கு மாநிலங்களில் அந்த அன்பு என்ன வடிவமெடுத்தது என்று பாருங்கள். வங்கிக் கடனுக்காக ஒருவரின் பண்ணை ஏலத்துக்கு வந்தால், சுற்றுவட்டார விவசாயிகள் அனைவரும் போய் நிற்பார்கள். மாடு பத்து காசு, கலப்பை ஐந்து காசு என்று கேட்பார்கள். வெளியாள் எவரேனும் கூடுதலாகக் கேட்க வாய் திறந்தால், பக்கத்தில் நிற்பவர்களின் பார்வையே அவரை அடக்கிவிடும். சில்லறைக் காசுக்கு எல்லாவற்றையும் வாங்கி, உரியவரிடமே திருப்பித் தந்துவிட்டுப் போவார்கள். ‘சில்லறை ஏலம்’ என்றே அதற்குப் பெயர். தொடரில் அயலார் ஒருவருக்கொருவர் உதவுகிறார்கள். வரலாற்றில் அயலார் ஒன்றுசேர்ந்து வங்கியை எதிர்த்தார்கள்.

தொடரை முற்றாகப் பழிப்பது என் நோக்கமன்று. நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதக் குடும்பம் அதில் வருகிறது. எழுத்தறிவு பெறத் துடிக்கும் கறுப்பினப் பெண் வருகிறார். அவை நேர்மையான காட்சிகள். ஆனால் 1935-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் விவசாயத் தொழிலாளரையும் வீட்டு வேலையாட்களையும் விலக்கிவைத்ததால், தெற்கு மாநிலங்களில் கறுப்பின உழைப்பாளிகளில் பெரும்பாலோர் ஓய்வூதிய உரிமைக்கு வெளியே நின்றார்கள் என்பதை எந்த ‘நல்லிரவு’ம் சொல்லவில்லை.

வில் கீர்

இனி, இந்த உரையின் தலைப்புக்கு வருகிறேன். வெண்மீசையும் குறும்புச் சிரிப்புமாக அந்தத் தாத்தாவாக நடித்தவர் வில் கீர். அவர் 1930-களில் அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியில் இணைந்தவர். பாடகர் உட்டி கத்ரியின் தோழர். 1937-இல் ஆர்சன் வெல்ஸ் இயக்கிய, எஃகுத் தொழிலாளர் போராட்டம் பற்றிய ‘த கிரேடில் வில் ராக்’ இசை நாடகத்தில் முதலாளி வேடமேற்றவர். அரசின் நாடகத் திட்டத்தில் உருவான அந்நாடகத்துக்கு அரசே தடை போட்டு அரங்கைப் பூட்டியது. கலைஞர்களும் பார்வையாளர்களும் வேறோர் அரங்குக்கு நடந்தே சென்றார்கள். மேடையேறத் தடை இருந்ததால் நடிகர்கள் பார்வையாளர் இருக்கைகளிலிருந்தே எழுந்து நின்று நடித்தார்கள்.

1951-இல் நாடாளுமன்றத்தின் ‘அமெரிக்க விரோத நடவடிக்கைகள்’ விசாரணைக் குழு வில் கீரை அழைத்தது. அவர் ஒத்துழைக்க மறுத்தார். கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறியது, ஹாலிவுட் கதவடைத்தது. தாவரவியல் பயின்றவரான அவர், கலிஃபோர்னியாவின் டொபாங்கா பள்ளத்தாக்கில் தோட்டம் போட்டுக் காய்கறி விற்றார். தம்மைப் போல வேலையிழந்த கலைஞர்களோடு அங்கேயே திறந்தவெளி அரங்கொன்றை அமைத்தார். பட்டியலில் இடம்பெற்றவர்கள் சேர்ந்து உருவாக்கிய, சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைச் சித்திரிக்கும் ‘சால்ட் ஆஃப் தி எர்த்’ என்ற 1954-ஆம் ஆண்டுப் படத்தில் ஷெரீஃபாக நடித்தார். எழுபதாவது வயதில்தான் ‘வால்டன்’ தாத்தாவாக நாட்டின் வீடுகளுக்குள் நுழைந்தார். 1978-இல் மறைந்தார்.

முப்பதுகளை வீதியில் வாழ்ந்தவர் முப்பதுகளின் கதையில் நடித்தார். அவர் வாழ்ந்த முப்பதுகள் மட்டும் அந்தக் கதையில் இல்லை. 1992-இல், அமெரிக்கக் குடும்பங்கள் சிம்ப்சன்களைப் போலன்றி வால்டன்களைப் போல ஆகவேண்டும் என்று அதிபர் ஜார்ஜ் புஷ் மத ஒலிபரப்பாளர்களிடையே பேசினார். கறுப்புப் பட்டியலில் வைக்கப்பட்ட ஒரு கம்யூனிஸ்டின் முகம்தான் அந்த இலட்சியக் குடும்பத்தின் மூத்த முகம் என்பது அவர் நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

நம் வீட்டுக் கதை

உழைக்கும் மக்கள் இத்தகைய தொடர்களை ஏன் விரும்பினார்கள்? தொடர் ஓடிய காலத்திலேயே, 1975 மே மாதத்தில், அமெரிக்காவில் வேலையின்மை 9 விழுக்காட்டைத் தொட்டது. புதிய நெருக்கடியில் சிக்கியவர்கள் பழைய நெருக்கடியில் ஆறுதல் தேடினார்கள். இன்னொரு காரணமும் உண்டு. ஸ்டட்ஸ் டெர்கெல் பெருமந்தத்தை வாழ்ந்தவர்களிடம் நேரில் கேட்டுத் தொகுத்த ‘ஹார்ட் டைம்ஸ்’ நூல் 1970-இல் வெளிவந்தது. அதில் மீண்டும் மீண்டும் வருவது வெட்கம். வேலை போனது தம் தகுதிக் குறைவால் என்றே பலரும் தம்மைக் குற்றம் சாட்டிக்கொண்டார்கள். அந்த வெட்கத்தின் மேல் பாசத்தைப் போர்த்திக்கொள்வது எளிது.

இதை நான் நூலிலிருந்து மட்டும் சொல்லவில்லை. என் தாத்தா மலாயாவில் ரப்பர் தோட்டத் தொழிலாளி. 1931-இல் நாகப்பட்டினத்தில் கப்பல் விட்டு இறங்கினார். “என்ன விட்டுட்டு அவரால இருக்க முடியல, வந்துட்டாரு” என்று என் அப்பாயி சொல்லக் கேட்டு வளர்ந்தேன். வந்த பின் ஓராண்டுக் காலம் எவரிடமும் அதிகம் பேசாமல் இருந்தார் என்பதையும் அவர்தான் சொன்னார். பல ஆண்டுகளுக்குப் பின், தோட்டத் தொழிலாளர் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் மோட்டார் வாகன உற்பத்தி வீழ்ந்தது. டயருக்கான ரப்பரின் விலை சரிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆண்டுகளைப் பார்த்தேன். 1930, 31, 32. பேனாவை வைத்துவிட்டேன். தாத்தா ஏன் வந்தார் என்பதும், ஏன் பேசாமல் இருந்தார் என்பதும் அன்றுதான் விளங்கின. ஃபோர்டு ஆலை வாயிலில் சுடப்பட்டவர்களும் அவரும் ஒரே நெருக்கடியின் மனிதர்கள்.

அப்போது அப்பாயி உயிரோடில்லை. இருந்திருந்தாலும் அவர் சொன்னது பொய் என்று சொல்லியிருக்க மாட்டேன். அவர்கள் ஒருவருக்காக ஒருவர் ஏங்கியதும் உண்மைதான். ஆனால் பாதிக் கதை மட்டுமே பேரப்பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தது. மறுபாதியைத் தாத்தா தம் வெட்கத்தோடு எடுத்துச் சென்றுவிட்டார்.

தோழர்களே, மக்களின் ஏக்க நினைவுகளை நாம் ஏளனம் செய்யலாகாது. ஒரே கூரை, ஒருவருக்கொருவர் ஆதரவு என்ற அந்த ஆசைக்குள் கூட்டு வாழ்வுக்கான விருப்பம் இருக்கிறது. நம் பணி, அந்த நினைவில் விடுபட்ட பாதியைச் சேர்ப்பது. உங்கள் பகுதியில் முதியவர்களிடம் பேசும்போது, எவ்வளவு கஷ்டப்பட்டீர்கள் என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். யார் வேலையை விட்டு அனுப்பினார்கள், எந்த ஆண்டு, அன்று யார் உடன் நின்றார்கள் என்றும் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். என் வீட்டில் அதைக் கேட்க நான் தவறிவிட்டேன்.