கடன் வாங்கிப் படிக்கலாமா?
(நம் சங்கத்தின் பங்காருபேட்டை கிளைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பி.யு.சி. முடித்த குழந்தைகளும் அவர்களைப் பெற்றவர்களும் வந்திருப்பதால், கல்விக்கடன் பற்றிப் பேசும்படி காரியதரிசி கேட்டுக்கொண்டார். முப்பத்தைந்து வருஷம் பேங்கில் குப்பை கொட்டியவன் என்பதால் கூப்பிட்டிருக்கிறார். ஆனால் நான் பேசப் போவது ஜாமீன்தாரனாக நான் பட்ட அனுபவத்தை.

நமக்குப் பொருளாதாரம் புதிதல்ல. கோலார் தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28ந் தேதி மூடப்பட்டது. தங்கம் அடியோடு தீர்ந்துவிட்டதால் அல்ல. எடுக்கும் செலவு, கிடைக்கும் தங்கத்தின் விலையைத் தாண்டிவிட்டதால். படிப்புக்கும் இதே கணக்குதான். படிப்பு தங்கமாகவே இருக்கட்டும், என்ன விலை கொடுத்து வெட்டி எடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

2011ல் என் மச்சினர் பிள்ளை பெங்களூரில் ஒரு தனியார் கல்லூரியில் பி.ஏ. எகனாமிக்ஸ் சேர்ந்தான். மூன்று வருஷத்துக்கு ரூ.6 லட்சம் கடன். 4 லட்சத்துக்கு மேல் போனால் அப்போது மூன்றாம் மனிதர் ஜாமீன் வேண்டும். "தைரியமா வாங்குடா, நான் கையெழுத்துப் போடறேன்" என்றேன்.

கணக்கைக் கேளுங்கள். வருஷத் துவக்கத்தில் 2 லட்சம் வீதம் வாங்குகிறோம். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு இன்னும் கூடுதல். படிக்கும் மூன்று வருஷம், அதற்குப் பின் ஒரு வருஷம் தவணை கிடையாது. ஆனால் வட்டி தூங்குவதில்லை. தனிவட்டியே ரூ.1,80,000 சேர்ந்து, கடன் ரூ.7,80,000 ஆகிவிடும். பத்து வருஷத்தில் கட்டினால் மாதம் சுமார் ரூ.10,300. பதினைந்து வருஷமாக்கினால் மாதத் தவணை ரூ.8,400 ஆகக் குறையும். ஆனால் மொத்தம் கட்டுவது 15 லட்சம்!

பிள்ளைக்குக் கிடைத்த முதல் சம்பளம் ரூ.18,000. வாடகை, சாப்பாடு போக என்ன மிஞ்சும்? நாலு தவணை தவறியது. 2016ல் எங்கள் அகத்துக்கு நோட்டீஸ் வந்தது. எத்தனையோ பேருக்கு நோட்டீஸ் அனுப்பிய கை, வாங்கியபோது நடுங்கியது. பாக்கியை நான் கட்டினேன். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்துப் பேச ஒரு வருஷம் ஆயிற்று. பணத்தைவிட அதுதான் நஷ்டம்.

அதே வருஷம் என் தம்பி பெண் வந்து, "பெரியப்பா, நான் எகனாமிக்ஸ் படிக்கணும்" என்றாள். தம்பி சுரங்கத்தில் வேலை போனவன். நான் சட்டென்று "வேண்டாம்" என்றுவிட்டேன். அவள் அழவில்லை. ஒரு நோட்டுப் புஸ்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அதில் எழுதியிருந்தது இதுதான். வெறும் பி.ஏ.வுக்குத் தனி மதிப்பு குறைவு. நல்ல உத்தியோகத்துக்கு எம்.ஏ. வேண்டும்; இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுதவே முதுகலைப் பட்டம் வேண்டும். ஆகவே கணக்கு மூன்று வருஷத்துக்கு அல்ல, ஐந்து வருஷத்துக்கு. கடன் வாங்கும் சக்தியை பி.ஏ.விலேயே தீர்த்துவிட்டால் எம்.ஏ.வுக்கு வழியில்லை.

அப்படியே செய்தாள். பெங்களூரில் அரசுக் கல்லூரி. தினமும் விடியற்காலையில் மாரிகுப்பத்திலிருந்து வரும் ரயிலில், போக சுமார் 70 கிலோமீட்டர், வர 70 கிலோமீட்டர். கணக்குப் பாடத்தை விடாமல் சேர்த்துப் படித்தாள். எம்.ஏ.வுக்கு மட்டும் 3 லட்சம் கடன், ஜாமீன் இல்லாமல். படிக்கும்போதே வட்டியைத் தம்பி மாதாமாதம் கட்டினான். ஐந்து வருஷத் தவணை சுமார் ரூ.6,400. முதல் சம்பளம் ரூ.45,000. கடன் இப்போது தீர்ந்துவிட்டது.

நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் ஒரு நாள் சொன்னாள்: "பெரியப்பா, லாபம்னு சொல்றேள். என்னோட மூணு வருஷத் தூக்கத்தை எந்தப் பக்கம் எழுதினேள்?" எனக்குப் பதில் தெரியவில்லை. அதையும் சொல்லாமல் விட்டால் என் கணக்கு பொய்க்கணக்கு.

இன்று வசதிகள் கூடியிருக்கின்றன. பெங்களூரிலேயே 2017ல் துவங்கிய அம்பேத்கர் பொருளாதாரப் பள்ளி இருக்கிறது. அரசு நிறுவனம், ஐந்து வருஷ ஒருங்கிணைந்த எம்.எஸ்ஸி. உண்டு. 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் தந்த வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்கு ஜாமீனும் அடமானமும் இல்லாமல் கடன் தருகிறார்கள். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையுள்ள கடனுக்குப் படிக்கும் காலத்தில் 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. நீங்கள் சேரும் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கட்டும் வட்டிக்கு எட்டு வருஷம் வரை வருமான வரிக்கழிவு உண்டு. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால் கிடையாது.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் மூன்று. கல்லூரி விளம்பரத்தில் வரும் மிக உயர்ந்த சம்பளத்தை நம்பாதீர்கள். போன வருஷம் முடித்த நாலு பிள்ளைகளைக் கேளுங்கள். தவணை, எதிர்பார்க்கும் முதல் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது என் அபிப்பிராயம். முடிந்தால் வட்டியைப் படிக்கும்போதே கட்டிவிடுங்கள்.

குழந்தைகளுக்கு ஒன்றே ஒன்று. கணக்கை நீங்களே போடுங்கள். பெரியவர்கள் நாங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடுவோம். ஆனால் தவணை கட்டப்போவது நீங்கள்தான்.