சங்கிலி கழன்றது, துணைக்கு யார் வந்தார்?

(மஹல்லா ஊழியர் கூட்டமொன்றில் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் அதிகாலையில் தீப்பிடித்து 28 பேர் மாண்டார்கள். தீயைக் கண்டும் அவர்கள் ஏன் ஓடவில்லை? காலில் சங்கிலி! நாடே பதறியது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன. 2017 ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதையே தடை செய்துவிட்டது.

எல்லாம் சரி. இப்படிப்பட்ட இடங்களில் நோயாளிகளைக் கொண்டுபோய் விடுகிறவர்கள் யார்? பெரும்பாலும் தாய், தகப்பன், கூடப் பிறந்தவர்கள். அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. சொந்த ஊரில் அவர்களுக்குத் துணை நிற்க ஆள் இல்லை. மருந்து வாங்கித் தர ஆள் கிடைக்கும். மருந்து சாப்பிடுகிறவனோடு உட்கார்ந்து பேச ஆள் கிடைக்காது.

இதைப் பேச உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நானும் மனநோயாளிதான். இந்த மேடையில் இதை முதல் தடவையாகச் சொல்கிறேன்.

26 வயதில் வந்தது. முதலில் தாயத்து, பிறகு ஓதிய தண்ணீர், அதற்கும் பிறகுதான் மருத்துவமனை. இருமுனைக் கோளாறு என்றார்கள். லித்தியம் மாத்திரை கொடுத்தார்கள். நோய் அடங்கியது, ஆனால் கை நடுங்கும். டம்ளரைப் பிடித்தால் தேநீர் சிந்தும். யாராவது சிரித்துவிடுவார்களோ என்று கல்யாண வீடுகளுக்கே போகமாட்டேன். ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன். மூன்று மாதத்தில் மறுபடியும் மருத்துவமனை!

வீடு திரும்பியபோது பக்கத்துத் தெரு தையல்காரர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். அவரும் அதே மாத்திரைக்காரர். (அவருடைய சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.) "தம்பி, டம்ளர்ல பாதிதான் ஊத்தச் சொல்லு, ரெண்டு கையால பிடி. நடுக்கத்த டாக்டர்கிட்ட சொல்லு, அளவ மாத்திப் பார்ப்பாங்க. நீயா மட்டும் நிறுத்திடாதே" என்றார். அத்தனை வருடத்தில் டம்ளரைப் பற்றி என்னிடம் பேசிய முதல் மனிதர் அவர்தான்.

ரமளானுக்கு முன்பும் அவரே வந்தார். லித்தியம் சாப்பிடுகிறவன் உடம்பில் தண்ணீர் வற்றினால் மருந்து இரத்தத்தில் கூடி நஞ்சாகிவிடும், ஷஅபானிலேயே டாக்டரைக் கேட்டுக்கொள் என்றார். கேட்டேன். வேண்டாம் என்றார் டாக்டர். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் வெளியே திடகாத்திரமாகத் தெரிகிறவன் நோன்பில்லாமல் இருந்தால் தெரு என்ன பேசும்? அந்த மாதம் முழுக்க அவருடைய தையல் கடையின் பின்னறையில்தான் மதியச் சோறு சாப்பிட்டேன். மிஷின் சத்தம் நிற்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார்.

இப்படி ஒருவருக்கொருவர் துணையாவது நாம் கண்டுபிடித்த புதுமை அல்ல. 1940களில் நியூயார்க்கில், ராக்லாண்ட் அரசு மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த சிலர் 'நாம் தனியாக இல்லை' என்ற பெயரில் ஒரு குழுவாகக் கூடினார்கள். 1948 இல் அதிலிருந்து 'ஃபவுண்டன் ஹவுஸ்' பிறந்தது. அங்கே வருகிறவருக்கு நோயாளி என்ற பெயர் கிடையாது, உறுப்பினர் என்றுதான் பெயர். சமையல், அலுவலகம், தொலைபேசி என்று எல்லா வேலையிலும் அவர் கை இருக்கும். வெளியே வேலைக்கும் அனுப்புவார்கள். ஒருநாள் அவரால் முடியாமல் போனால், அந்த இல்லத்தின் ஊழியர் போய் அவர் இடத்தில் நின்று வேலை பார்ப்பார்! முதலாளிக்கும் நஷ்டமில்லை, இவருக்கும் வேலை போகாது. லாகூரிலும் 1971 இல் இதே பெயரில் ஓர் இல்லம் தொடங்கினார்கள்.

நமக்கு அவ்வளவு பெரிய வீடு வேண்டாம். மதரஸாவில் ஓர் அறை, வாரத்தில் ஒரு மாலை, தேநீர்ச் செலவு. விழா மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் நாம் கொட்டுகிற பணத்தில் இது ஒரு ஓரத்துக்குக் காணாது. நோயைக் கடந்து வந்த இருவர் அங்கே இருக்க வேண்டும். மாத்திரையை நிறுத்து என்று யாரும் யாருக்கும் சொல்லக்கூடாது. அங்கே கேட்டது பெண் பார்க்கும் பேச்சில் போய் நிற்கக்கூடாது. சாக நினைக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் மட்டும் ரகசியம் காக்கக்கூடாது. உடனே குடும்பத்துக்குச் சொல்லி மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். 14416 என்ற அரசாங்கத்தின் டெலி மானஸ் எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.

பெண்களுக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். சொல்லப்போனால் அதைத்தான் முதலில் தொடங்க வேண்டும். ஆண் பிள்ளையாவது தெருவில் நடந்து திரிகிறான், நோயுள்ள பெண் பிள்ளை பின்கட்டைத் தாண்டுவதில்லை. அந்தப் பொறுப்பை ஏற்க நம் சகோதரிகளில் யாராவது முன்வர வேண்டும். என்னால் அது ஆகாது.

இந்த வெள்ளி அஸருக்குப் பிறகு நானும் தையல்காரரும் மதரஸாவின் கீழறையில் இருப்போம். சாவி முத்தவல்லி அவர்களிடம் இருக்கிறது. அவர்களிடம் இன்னும் கேட்கவில்லை. உங்கள் எல்லார் முன்னிலையிலும் இப்போது கேட்கிறேன்.