யாரைக் கேட்டார்கள்?

“நூற்றுக்கு எழுபது பேர் இதை ஆதரிக்கிறார்கள்” என்று செய்தித்தாளில் ஒரு வரி வெளிவந்தால், பெரும்பாலும் நாம் அதை ஆராயாமல் ஏற்றுக்கொண்டுவிடுகிறோம். எண்ணுக்கு அத்தகைய மதிப்பு உண்டு. அந்த நூறு பேர் யார், எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்று வினவுவோர் சிலரே. ஆயினும், பொதுமக்களின் அபிப்பிராயத்தை அளக்கும் ஆய்வு எதுவும் அந்த வினாவுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. மாதிரி ஆய்வின் தத்துவமும் இதுவே. நாட்டிலுள்ள ஒவ்வொருவரையும் கேட்பது அரிது. ஆதலின் சிலரைக் கேட்டு அனைவரின் கருத்தையும் உய்த்துணர்கிறோம். ஆனால், துழாவிவிட்டு எடுத்த சோறுதான் பதம் காட்டும். அடி தீய்ந்து, மேலே அரைவேக்காடாக இருக்கும் பானையில், மேலாக ஒரு பருக்கை எடுத்தாலும் ஒரு பிடி எடுத்தாலும் அடியில் நேர்ந்தது தெரியப்போவதில்லை.

இதற்கு அமெரிக்க வரலாற்றில் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. 1936-ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலின்போது ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்னும் பத்திரிகை ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலில் வாக்குச்சீட்டு அனுப்பியது. சுமார் 23 லட்சம் சீட்டுகள் திரும்பி வந்தன. அவற்றை எண்ணிய பத்திரிகை, லாண்டன் வெல்வார், ரூஸ்வெல்ட்டுக்கு நூற்றுக்கு 43 வாக்குகளே கிடைக்கும் என்று அறிவித்தது. நடந்ததோ நேர்மாறு. ரூஸ்வெல்ட் நூற்றுக்கு 60-க்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்று, 48 மாநிலங்களில் 46-ஐக் கைப்பற்றினார். அதைவிட மிகச் சிறிய மாதிரியைக் கொண்டு, ஜார்ஜ் காலப் என்பவர் ரூஸ்வெல்ட்டே வெல்வார் என்று முன்னரே கூறியிருந்தார்.

இத்தனை லட்சம் விடைகள் எவ்வாறு பொய்த்தன? பத்திரிகை தனக்கு வேண்டிய முகவரிகளைப் பெரும்பாலும் தொலைபேசிப் புத்தகங்களிலிருந்தும் மோட்டார் வண்டிப் பதிவேடுகளிலிருந்தும் திரட்டியது. பொருளாதார மந்தம் நிலவிய அக்காலத்தில் இவ்விரண்டும் வசதியுள்ளோரின் உடைமைகள். இது முதற்குறை. சீட்டைப் பெற்றவர்களிலும் முக்கால் பங்கினருக்கு மேல் விடை அனுப்பவே இல்லை. ரூஸ்வெல்ட்டின் மீது அதிருப்தி கொண்டிருந்தோர் முனைந்து எழுதினர். மற்றவர்களில் பலர் வாளாவிருந்தனர். பின்னாளில் ஆராய்ந்தோர் இந்த மௌனத்தையும் பெருங்காரணமாகக் கண்டனர். மௌனமாயிருப்போர் பேசுவோரைப் போலவே நினைக்கிறார்கள் என்று கொள்வது எவ்வளவு பெரிய ஊகம்!

இச்சாய்வைத் தவிர்க்கும் வழியை நம் நாட்டில் செம்மையாக வளர்த்தவர் பேராசிரியர் மகலனோபிஸ். 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய அவர், வங்காளத்தில் சணல் விளையும் பரப்பை மாதிரி முறையால் மதிப்பிட்டுக் காட்டினார். 1950-இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கப்பெற்றது. அதில் முதலில் ஊர்களும் நகரப் பகுதிகளும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன; பின்னர் அங்குள்ள வீடுகளைப் பட்டியலிட்டு, அப்பட்டியலிலிருந்து சில வீடுகள் குலுக்கல் போன்ற முறையில் பொறுக்கப்படுகின்றன. அலுவலருக்குப் பிடித்த தெரு, எளிதில் திறக்கும் கதவு என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இது வெறும் ஏட்டுப் பாடமன்று. ஓர் ஊரில், குழந்தைகளுக்கான தமிழ் வகுப்பை எப்பொழுது நடத்தலாம் என்று தமிழ்ச் சங்கத்தார் பொங்கல் விழாவில் தாள் கொடுத்துக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விழாவுக்கு வந்தோர் ஞாயிறு காலை என்கின்றனர். அன்று மருத்துவமனையில் பணிமுறை இருந்த செவிலியரும், கட்டட வேலைக்குச் சென்றிருந்த தொழிலாளரும் அத்தாளைக் காணவே இல்லை. அவர்களுக்கு ஞாயிறும் வேலைநாள். அவர்களுடைய பிள்ளைகள் வகுப்புக்கு வராமற்போனால், மறு ஆண்டு அறிக்கையில் “இவர்களுக்குத் தமிழில் நாட்டமில்லை” என்று எழுதப்படும். கேட்காமல் விட்ட குற்றம், கேட்கப்படாதவர் தலையில் விழுகிறது.

மொழியும் ஒரு வேலியாகலாம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இதை நன்கு அறிவோம். குடிநீர் பற்றியோ ரேஷன் பற்றியோ விசாரிக்க வருபவர் இந்தியில் மட்டும் வினவினால், அண்மையில் குடிவந்த தமிழ்க் குடும்பம் கைகூப்பிக் கதவைச் சாத்திக்கொள்ளும். அவர் அடுத்த வீட்டுக்குச் செல்வார். முடிவில், இந்தி அறிந்தோரின் குறைகளே அத்தெருவின் குறைகளாகப் பதிவாகும்.

ஆகவே, ஒரு கருத்தாய்வைக் காணும்பொழுது சில வினாக்களை எழுப்புவோமாக. பெயர்கள் எந்தப் பட்டியலிலிருந்து வந்தன? அப்பட்டியலில் இடம்பெற வழியில்லாதோர் யாவர்? கேட்கப்பட்டோரில் எத்தனை பேர் விடையளித்தனர்? எந்த நேரத்தில், எந்த மொழியில் கேட்டனர்? தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் தாமாக முன்வந்து வாக்களிப்போரின் கணக்குக்கும் இவ்வினாக்கள் பொருந்தும்.

நாமே ஆய்வு நடத்த நேர்ந்தால், பூட்டியிருந்த வீட்டுக்கு மாலையில் மற்றொரு முறை செல்வோம். பத்தாயிரம் தாள்களைத் திரட்டும் உழைப்பைவிட, விடுபட்ட அந்த ஒரு வீட்டைத் தேடிச் செல்லும் உழைப்பு உண்மைக்கு அருகில் நம்மைச் சேர்க்கும்.