கையெழுத்து யாருடையது?
(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

என்னோடு கடைசி பெஞ்சில் இருந்து இன்று முன்வரிசையில் வீற்றிருக்கும் நண்பர்களே, மாணவச் செல்வங்களே!

'செயற்கை நுண்ணறிவு வரமா, சாபமா?' என்று தலைப்புக் கொடுத்தார்கள். அது பட்டிமன்றத் தலைப்பு. நடுவர் தீர்ப்புச் சொல்லிவிட்டு ரயில் ஏறிவிடுவார். நாளைக் காலையில் அதை வைத்துக்கொண்டு வேலை பார்க்கப் போவது நாம்தான். ஆகவே நான் என்ன செய்கிறேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் சிவில் பிரிவு. கட்டட வடிவமைப்புதான் பிழைப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. எங்கள் பெரிய எஞ்சினியர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். புரோகிராம் தரும் விடையைப் பார்க்கும் முன்னால் ஒரு துண்டுச் சீட்டில் கைக்கணக்குப் போட்டாக வேண்டும். 6 மீட்டர் பீம், இரண்டு முனையிலும் சாதாரணமாகத் தாங்கியிருக்கிறது, மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் பாரம். பாரத்தை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி 8ஆல் வகுத்தால் 90. கம்ப்யூட்டர் 900 என்று சொன்னால், யாரோ பாரத்தில் ஒரு சைபர் கூடப் போட்டிருக்கிறார்கள். சீட்டு இல்லாதவனுக்கு 90ம் ஒன்றுதான், 900ம் ஒன்றுதான்!

இப்போது வந்திருக்கும் சாட்ஜிபிடி போன்றவை வேறு ஜாதி. பழைய புரோகிராம் சூத்திரப்படி கணக்குப் போட்டது. இது ஏராளமான எழுத்தைப் படித்துப் பழகி, அடுத்து என்ன சொல் வரலாம் என்று கணித்துக்கொண்டே போகிறது. ரொம்ப உபயோகமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஐ.எஸ். 456 விதிநூலில் இல்லாத பிரிவை, எண் போட்டு, தயங்காமல் சொல்லவும் அதனால் முடியும். கூடுதல் சைபர் மாதிரி அது கண்ணை உறுத்தாது. அழகான இங்கிலீஷில் இருக்கும்.

அதனால் பழைய சீட்டை மறுபடி எடுத்துவிட்டேன். கேட்பதற்கு முன்னால் என் விடை, நாலு வரி, பென்சிலில். அதன் விடையைப் பார்த்த பிறகு 'நானும் இதைத்தானே நினைச்சேன்' என்று மனசு சொல்லும். மனசு பெரிய புளுகன்.

செஸ்ஸைப் பாருங்கள். 1997லேயே டீப் ப்ளூ காஸ்பரோவைத் தோற்கடித்துவிட்டது. ஆனாலும் நம்ம சென்னைப் பிள்ளை குகேஷை, ஆரம்ப வருஷங்களில் கம்ப்யூட்டர் எஞ்சின் இல்லாமலேதான் பழக்கினார் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா. எஞ்சின் எல்லாம் பிற்பாடுதான். 2024 டிசம்பரில், சிங்கப்பூரில், 18 வயதில் உலக சாம்பியன்! ஆட்ட மேஜைக்குப் போனைக்கூடக் கொண்டுபோக முடியாது. உள்ளே போவது தலை மட்டும்தான்.

எல்லாவற்றுக்கும் சீட்டுப் போடுகிறேனா? இல்லை. டெண்டருக்கு இணைப்புக் கடிதம், மீட்டிங் குறிப்பு இதையெல்லாம் அதுவே எழுதட்டும். துக்கம் விசாரித்து எழுதும் கடிதத்தை மட்டும் கொடுப்பதில்லை. காரணம் கேட்டால், சொல்லத் தெரியவில்லை.

என் வகுப்புத் தோழர் ஒருவர் சண்டை பிடிக்கிறார்: "உன் சீட்டு இந்தத் தலைமுறையோட முடிஞ்சுது, விடுய்யா." இருக்கலாம். ஆனால் வரைபடத்தின் மூலையில் இருப்பது என் கையெழுத்து. ஸ்லாப் விரிசல் விட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள், சாட்ஜிபிடியை அல்ல.

என் ஆபீசுக்கு இன்டர்வியூவுக்கு வருகிறவர்களுக்கு இப்போதெல்லாம் முதலில் ஒரு வெள்ளைத்தாள், பத்து நிமிஷம். அதற்கப்புறம் கம்ப்யூட்டர், அதில் எதை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். இரண்டு விடையும் எங்கே ஒத்துப்போகவில்லை, ஏன் என்று எனக்குச் சொல்ல வேண்டும். இங்கிருக்கும் தம்பி தங்கைகள் யாராவது வருவதாக இருந்தால் பென்சில் கொண்டுவாருங்கள்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சாப்பாடு ஆறுகிறது.