வாடகை வீட்டுக்காரர்கள்



எழுத்தாளர்கள் வாழ்ந்த வீடுகளைப் போய்ப் பார்ப்பதைப் பற்றி நம் சங்கத்தில் பேசச் சொன்னார்கள். ஊருக்குப் போகும்போது எட்டயபுரம், புதுச்சேரி என்று வண்டியைத் திருப்பியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். காசிக்குப் போனவர்கள் அனுமான் காட் பக்கம் சிவமடத்தையும் பார்த்திருக்கலாம். அத்தை குப்பம்மாள் வீடு என்று பாரதி போய்த் தங்கிப் படித்த இடம் அது. தமிழ்நாடு அரசு 2022-ல் அங்கே ஒரு நினைவிடம் அமைத்தது.

பாரதியின் வீடுகளை வரிசையாக நினைத்துப் பாருங்கள். எட்டயபுரத்தில் பிறந்தது அம்மாவைப் பெற்ற தாத்தாவின் வீடு. காசியில் அத்தை வீடு. 1908 முதல் 1918 வரை புதுவையில் இருந்ததெல்லாம் வாடகை வீடுகள். 1921-ல் உயிர் பிரிந்த திருவல்லிக்கேணி வீடும் வாடகை வீடுதான். சொந்தமாக ஒரு செங்கல் கிடையாது. புதுவையில் ஒரு வீட்டுச் சொந்தக்காரருக்கு விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று பெயர். வாடகை கேட்க வருவார், பாட்டைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், வந்த காரியத்தைச் சொல்லாமலே எழுந்து போய்விடுவார் என்று வ.ரா. எழுதியிருக்கிறார். தமிழ் இலக்கிய வரலாற்றில் அந்தச் செட்டியாருக்கு ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி. திருவல்லிக்கேணி வீட்டை அரசு வாங்கி நினைவில்லமாகத் திறந்தது 1993-ல். பாரதி போய் 72 வருடம் ஆகியிருந்தது.

சொந்த வீடாக இருந்தால் மட்டும் தப்பிவிடுமா? அதே திருவல்லிக்கேணியில் உ.வே.சா.வின் சொந்த வீடு, தியாகராச விலாசம். ஓலைச்சுவடிகளைக் கரையானிடமிருந்து மீட்டவரின் வீட்டை 2012-ல் இடித்தே விட்டார்கள்.

சரி, நம் புனேக்கு வருவோம். வானவடியிலிருந்து ஆட்டோ பிடித்தால் சிறிது நேரத்தில் கஞ்ச் பேட் போய்விடலாம். மகாத்மா ஜோதிராவ் புலே, சாவித்திரிபாய் புலே இருவரும் வாழ்ந்த புலே வாடா அங்கே இருக்கிறது. ஷிண்டே சத்ரிக்கு விருந்தாளிகளைக் கூட்டிப் போகிற நாம், இங்கே போவது குறைவு. புலேயைச் சீர்திருத்தவாதி என்றே பேசுகிறோம். ஆனால் இருவருமே எழுத்தாளர்கள். சாவித்திரிபாயின் ‘காவ்ய புலே’ கவிதைத் தொகுப்பு 1854-ல் வந்தது, ஜோதிராவின் ‘குலாம்கிரி’ 1873-ல்.

அந்த வீட்டில் நின்று பார்க்க வேண்டியது தண்ணீர் எடுத்த இடத்தை. 1868-ல், தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் தன் வீட்டுத் தண்ணீரை எடுத்துக்கொள்ளலாம் என்று புலே திறந்துவிட்டார். வாடகைக்கு இருந்திருந்தால் மறுநாளே பாத்திரம் பண்டங்கள் தெருவுக்கு வந்திருக்கும். சொந்த முற்றம் இருந்ததால் எழுதியதை அங்கேயே நடத்திக் காட்ட முடிந்தது. இறந்தபின் தன் உடலை வீட்டு வளாகத்திலேயே புதைக்க வேண்டும் என்று விரும்பினார். குடியிருப்புப் பகுதி என்று நகராட்சி அனுமதிக்கவில்லை. 1890-ல் தகனம் செய்து, அஸ்தியை அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். துளசி மாடத்தோடு இருக்கும் அந்தச் சமாதியைப் பார்க்கும்போது இந்த விவரம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் போனால் செல்பி எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். சாவித்திரிபாய் 1897-ல் பிளேக் நோயாளிகளுக்குத் தொண்டு செய்து, தானும் அதே நோயில் இறந்தார். அந்தச் சிகிச்சை முகாம் நடந்தது நம் பக்கத்து ஹடப்சர் வட்டாரத்தில். தினமும் அலுவலகத்துக்குப் பேருந்தில் தாண்டிப் போகிறோமே, அதே ஹடப்சர்.

நாராயண் பேட்டில் திலகரின் கேசரி வாடா இருக்கிறது. மாண்டலே சிறை அறையின் மாதிரியை அங்கே வைத்திருக்கிறார்கள். 1907 சூரத் காங்கிரசுக்குப் போன பாரதி, திலகரை எப்படிக் கொண்டாடினார் என்பது உங்களுக்குத் தெரியும். அதை விரித்தால் இன்னொரு கூட்டம் போட வேண்டும்.

நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது வேறொரு வாடகை வீட்டுக்காரரைப் பற்றி. சொ. விருத்தாசலம் என்றால் சிலருக்கு உடனே பிடிபடாது. புதுமைப்பித்தன்! தியாகராஜ பாகவதர் சிறையிலிருந்து 1947-ல் விடுதலையாகி வந்து ‘ராஜமுக்தி’ படத்தை எடுத்தார். பானுமதி, வி.என். ஜானகி, எம்.ஜி.ஆர். எல்லாம் நடித்த படம். அதன் வேலைகள் நடந்தது பூனாவில், அதாவது நம் புனேயில். வசனம் எழுத வந்தவர் புதுமைப்பித்தன். சொந்தமாகப் படக் கம்பெனி தொடங்கிக் கையைச் சுட்டுக்கொண்டிருந்த நேரம். மனைவி கமலாவும் சின்னஞ்சிறு மகளும் எங்கோ தெற்கே. கமலாவும் கதை எழுதியவர், அதை நாம் சுலபமாக மறந்துவிடுகிறோம். அவருக்குப் புதுமைப்பித்தன் எழுதிய கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்று புத்தகமாக வந்திருக்கின்றன. ஊரையே கிண்டல் செய்த மனிதர், அனுப்ப வேண்டிய பணத்தைப் பற்றியும் குழந்தையைப் பற்றியும் கவலைப்படுவதை அதில் படிக்கலாம். இந்த ஊரிலிருந்து அவர் திரும்பியது காசநோயோடு. 1948-ல் திருவனந்தபுரத்தில் இறந்தபோது வயது 42. அதே ஆண்டு அக்டோபரில் படம் வெளிவந்தது. அவர் பார்க்கவில்லை.

இப்போது ரோம் நகரத்துக்கு ஒரு நடை போய் வருவோம். ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் காசநோயோடு அங்கே போய், ஒரு வாடகை வீட்டில் தங்கி, 1821-ல் 25 வயதில் இறந்தார். தொற்றுக்குப் பயந்து அந்த அறையின் தட்டுமுட்டுச் சாமான்களை எரித்துவிட்டார்கள். அவர் வாழ்ந்தது சில மாதம், மிச்சமிருந்தது வெறும் அறை. ஆனாலும் 1906-ல் அந்த வீட்டை வாங்கினார்கள், 1909-ல் மக்களுக்குத் திறந்தார்கள். முன்கை எடுத்தவர்கள் இத்தாலிக்காரர்கள் அல்லர். அவர் மொழியைப் பேசிய, வேற்றூரில் இருந்த வாசகர்கள் பணம் திரட்டினார்கள். நம்மைப் போலச் சங்கம் வைத்தவர்கள் என்றே சொல்லலாம்.

புனேயில் பழைய கட்டடங்கள் சிலவற்றின் சுவரில் நீலப் பலகை பார்த்திருப்பீர்கள். புதுமைப்பித்தன் பெயரில் அப்படி ஒன்று என் கண்ணில் பட்டதில்லை. வீடு வாங்கும் அளவுக்கு நம்மிடம் பணம் இல்லை, பொருளாளர் அங்கே பதற வேண்டாம். ஒரு பலகைக்கு முடியும். அதற்கு முன்னால் இடத்தை உறுதி செய்ய வேண்டும்.

இங்கேதான் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கும் ராணுவக் கணக்கு அலுவலகங்களுக்கும் அந்தக் காலத்திலேயே வேலைக்கு வந்த குடும்பங்கள் இந்த அரங்கில் இருக்கின்றன. பாகவதர் ஊரில் இருக்கிறார் என்றால் உங்கள் தாத்தாக்கள் பார்க்கப் போகாமலா இருந்திருப்பார்கள்? படப்பிடிப்பு எங்கே நடந்தது, மதராஸ்காரர்கள் எந்தத் தெருவில் தங்கினார்கள், யார் மெஸ்ஸில் சாப்பிட்டார்கள் என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். பரணில் ஒரு போட்டோ இருக்கும், பின்பக்கம் பென்சிலில் ஒரு விலாசம் எழுதியிருக்கும். அதை எடுத்துப் பாருங்கள். கிடைத்ததை நூலகப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். பொங்கலுக்குள் கொடுத்தால் நல்லது. அதுவரை சும்மா இருக்காமல், வருகிற ஞாயிறு காலை எல்லோருமாகப் புலே வாடா போய்வரலாம் என்று செயற்குழுவிடம் கேட்டுக்கொள்கிறேன்.