விண்ணப்பதாரர்களைத் தேடிப் போன மருத்துவர்



யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழரின் தோளில் எப்போதும் ஒரு துணிப்பை தொங்கும். மே மாதம் வந்துவிட்டால் அது நிறையக் கல்லூரி விண்ணப்பப் படிவங்கள் இருக்கும். சேரி சேரியாகப் போய், "பிளஸ் டூ முடிச்ச பிள்ளைங்க யார் யாரு இருக்கீங்க?" என்று கேட்டுக் கேட்டுக் கொடுப்பார். என் கைக்கும் ஒரு படிவம் அப்படித்தான் வந்தது. அந்தக் கடனை நினைத்துத்தான் இன்றைய உரைக்கு ஓர் இதய அறுவை மருத்துவரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டேன். அவர் பெயர் லீவை வாட்கின்ஸ். அமெரிக்கக் கறுப்பினத்தவர்.

கறுப்பின மக்களின் போராட்டம் நமக்கு அந்நியமானதல்ல. 1946இல் அண்ணல் அம்பேத்கரே கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலையிலும் உள்ள ஒப்புமையைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்.

வாட்கின்ஸைப் பற்றிப் பேசுவதற்கு முன் இன்னொருவரைச் சொல்ல வேண்டும். விவியன் தாமஸ் என்ற தச்சுத் தொழிலாளி. மருத்துவம் படிக்க வேண்டும் என்று காசு சேர்த்து வந்தவர். பொருளாதாரப் பெருமந்தத்தில் வங்கி மூழ்கியது, சேமிப்பும் போனது. 1930இல் டென்னசி மாநிலத்தின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபிரட் பிளேலாக் என்ற அறுவை மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். செய்தது ஆய்வு வேலை. சம்பளப் பட்டியலில் அவருக்குத் தந்த இடம் துப்புரவுப் பணியாளர்.

1941இல் இருவரும் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே ஹெலன் டவுசிக் என்ற குழந்தை இதய மருத்துவர், பிறவிக் கோளாறால் உடல் நீலம் பாய்ந்து இறக்கும் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சையில் வழி உண்டா என்று கேட்டார். அதற்கான முறையை நாய்களிடம் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து உறுதிப்படுத்தியவர் தாமஸ். 1944 நவம்பர் 29 அன்று முதல் குழந்தைக்கு பிளேலாக் அறுவை செய்தபோது, அவர் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலியின் மேல் நின்று வழி சொன்னவரும் தாமஸ்தான். மறு ஆண்டு வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் இருந்தவை பிளேலாக், டவுசிக் என்ற இரண்டு பெயர்கள் மட்டுமே. 1976இல் பல்கலைக்கழகம் தாமஸுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் தந்தது. அதுவும் மருத்துவத்தில் அல்ல, சட்டத்தில்.

'தகுதி' என்ற சொல்லை யாராவது உங்கள் முகத்துக்கு நேரே வீசினால், விவியன் தாமஸை நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் திறமை இருந்தது. இல்லாதது சான்றிதழ். அதைத் தரும் கதவு அவருக்கு மூடியிருந்தது.

தாமஸைத் துப்புரவுப் பணியாளர் என்று எழுதி வைத்த அதே வாண்டர்பில்ட், 1966இல்தான் தன் மருத்துவக் கல்லூரியில் முதல் கறுப்பின மாணவரைச் சேர்த்தது. இடையில் 36 ஆண்டுகள். அந்த மாணவர்தான் லீவை வாட்கின்ஸ்.

1944இல் பிறந்த வாட்கின்ஸ் அலபாமாவின் மான்ட்கமரியில் வளர்ந்தவர். அந்த ஊரில் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியபோது அவருக்குப் பதினொரு வயது. மார்ட்டின் லூதர் கிங்கைச் சிறு வயதிலேயே நேரில் அறிந்தவர். அப்பா கல்லூரித் தலைவர். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கே 1966 வரை அந்தக் கதவு திறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பணம் வந்தால் சாதி போய்விடும் என்று சொல்பவர்களுக்கு அங்கேயும் ஒரு பதில் இருக்கிறது.

1970இல் பட்டம் பெற்று அவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்கு வந்தார். அங்கே தாமஸ் இன்னும் பணியில் இருந்தார். இருவரும் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள். இடையில் ஹார்வர்டில் இதயச் செயலிழப்பு பற்றி ஆய்வு செய்தார் வாட்கின்ஸ். 1978இல் ஹாப்கின்ஸின் இதய அறுவைத் துறையில் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சி மருத்துவரானார்.

1980 பிப்ரவரியில், மனித உடலுக்குள் பொருத்தப்பட்ட முதல் தானியங்கி டிபிப்ரிலேட்டரை அவர் பொருத்தினார். இதயம் ஒழுங்கு தவறித் துடித்து, ரத்தத்தை வெளியேற்ற முடியாமல் வெறுமனே நடுங்கும் நொடியில், தானே மின் அதிர்ச்சி கொடுத்து மீட்கும் கருவி அது. அதைக் கருத்தளவில் கண்டவர் மிஷெல் மிரோவ்ஸ்கி. நாஜிகளிடம் குடும்பத்தை இழந்த போலந்து யூதர். அழித்தொழிக்க நினைத்த இனத்தில் ஒருவரின் மூளையும், ஒதுக்கி வைத்த இனத்தில் ஒருவரின் கையும் சேர்ந்து தொடங்கிய அந்தச் சிகிச்சை இன்று உலகெங்கும் லட்சக்கணக்கானவர்களின் உயிரைக் காக்கிறது.

இத்தோடு நிறுத்தினால் இது ஒரு சாதனையாளர் கதை. முதல் மாணவர், முதல் மருத்துவர் என்று பட்டியல் போட்டுக் கைதட்டிவிட்டுப் போகலாம். ஆனால் 'முதல்' என்ற சொல்லில் ஓர் ஆபத்து இருக்கிறது. நிறுவனங்களுக்கு அந்தச் சொல் மிகவும் பிடிக்கும். ஒருவரை உள்ளே விட்டு, அவர் படத்தைச் சுவரில் மாட்டி, அந்தப் படத்தையே காட்டி மற்றவர்களைத் திருப்பி அனுப்பலாம். 'உங்கள் ஆள்தான் இருக்கிறாரே' என்பார்கள்.

வாட்கின்ஸ் அந்தப் படமாக இருந்துவிடச் சம்மதிக்கவில்லை. 1979இல் மருத்துவக் கல்லூரியின் மாணவர் சேர்க்கைக் குழுவில் சேர்ந்தார். அந்த ஆண்டு முக்கியமானது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பேக்கி வழக்கின் தீர்ப்பு. கலிபோர்னியாவின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16ஐ ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கியிருந்தது. அப்படி எண்ணிக்கை வைத்து ஒதுக்குவது செல்லாது என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். சட்டத்தின் ஒரு வழி அடைபட்ட மறு ஆண்டில், வாட்கின்ஸ் கறுப்பின மாணவர்களை நாடு முழுவதும் தேடத் தொடங்கினார். விண்ணப்பம் வரட்டும் என்று காத்திருக்காமல், விண்ணப்பிக்கச் சொல்லித் தேடிப் போனார். சில ஆண்டுகளிலேயே ஹாப்கின்ஸில் அவர்கள் எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்தது. பின்னாளில் பேராசிரியரும் இணை டீனுமான பிறகும் அந்த வேலையை விடவில்லை. 2015இல் மறைந்தார்.

இங்கே நம் வரலாற்றில் ஒன்றை நினைவுபடுத்துகிறேன். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை வீழ்த்திய வழக்கும் மருத்துவக் கல்லூரி இடம் பற்றியதுதான். வழக்குத் தொடுத்த செண்பகம் துரைராஜன் அந்த இடத்துக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. ஆனாலும் 1951இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. தமிழகம் கொந்தளித்த பிறகுதான் முதல் அரசியல் சட்டத் திருத்தமும் 15(4)ஆம் பிரிவும் வந்தன. விண்ணப்பம் போடாமலே உரிமை கேட்கும் துணிச்சல் ஒரு பக்கம். எல்லா மதிப்பெண்ணும் இருந்தும், 'அது நமக்கில்லை' என்று படிவமே வாங்காமல் இருக்கும் பிள்ளைகள் இன்னொரு பக்கம். இந்த இடைவெளிக்குப் பெயர்தான் சாதி.

சட்டம் வேண்டும். அதற்காகத் தெருவில் நிற்க வேண்டும். 2023இல் அமெரிக்க நீதிமன்றம் மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கருத்தில் கொள்வதையே ஏறத்தாழ முற்றிலும் தடுத்துவிட்டது. எழுதிய சட்டத்தை அழிக்கவும் முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் சட்டம் தந்த இடத்தில் ஒரு பிள்ளை போய் உட்கார, யாராவது அந்தப் பிள்ளையின் வீட்டு வாசல் வரை நடக்க வேண்டும்.

இங்கே இருக்கும் மாணவர்களில் சிலர் உங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. சிலர் நாளை ஒரு துறையின் முதல் ஆளாக நுழைவீர்கள். அன்றைக்கு உங்களைப் பாராட்ட நிறையப் பேர் வருவார்கள். பாராட்டு முடிந்ததும், அந்த நிறுவனத்தில் சேர்க்கைக் குழு எந்த அறையில் கூடுகிறது என்று விசாரியுங்கள். அங்கே ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்குங்கள்.

தோழரின் துணிப்பை இன்றும் அவர் வீட்டு ஆணியில் தொங்குகிறது. போன வாரம் பார்த்தேன், காலியாக இருந்தது. மே மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.