கதவுக்கு மேலே இரண்டு சொற்கள்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில், பஸ் பட்டறையில் ஃபோர்மனாக இருந்து ஓய்வு பெற்ற முன்னாள் மாணவர் ஆற்றிய உரை)



"படிப்பின் பெருமையைப் பற்றிப் பேசுங்கள், ஐயா" என்று தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். ஐந்தாம் படிவத்தோடு நின்றுபோனவன் படிப்பின் பெருமையைப் பற்றி என்ன பேசுவது? ஆனால் ஒரு சொல் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். முப்பத்து நான்கு வருஷம் பஸ் பட்டறையில் இருந்தவன். ஆகவே பஸ்ஸைப் பற்றியே பேசுகிறேன். பிள்ளைகள் சலித்துக்கொள்ள வேண்டாம், சீக்கிரம் முடித்துவிடுவேன்.

1979ஆம் ஆண்டு. நான் அப்போது பட்டறையில் சாயம் அடிக்கிற பையன். தீபாவளிக்கு முந்திய வாரம் ஒரு பழைய பஸ் வந்தது. முழுக்கப் புதுச் சாயம், மூன்று நாளில் வெளியே போக வேண்டும். அந்த பஸ்ஸின் வலது பக்கக் கடைசியில் ஓர் அவசரக் கதவு. அதன் மேலே உள்ளேயும் வெளியேயும் சிவப்பு எழுத்தில் 'பிந்து கெசெமாசான்' என்று எழுதியிருந்தது. நான் அதன் மேலேயே சாயத்தை அடித்துவிட்டேன். காய்ந்த பிறகு எழுத வேண்டும். எழுதவில்லை. மறந்துபோச்சு என்று சொல்ல மாட்டேன், ஞாபகம் இருந்தது. நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்த நாளை பதினோரு மாதம் வரவே இல்லை.

பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆயிரக்கணக்கான பேர் ஏறி இறங்கினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒருவரும் கேட்கவும் இல்லை.

ஒரு நாள் காலையில் வண்டி வாசலைத் தாண்டும்போது எங்கள் பழைய ஃபோர்மன் பின்னாலிருந்து பார்த்துவிட்டார். அப்போது கைப்பேசி ஏது? அடுத்த பஸ் நிலையத்துக்குப் போன் போட்டார். பயணிகளை வேறு வண்டியில் ஏற்றச் சொல்லி, அந்த பஸ்ஸைக் காலியாகத் திருப்பி வரவழைத்தார். முதலாளி குதிகுதியென்று குதித்தார். "ரெண்டு வார்த்தைக்காக ஒரு டிரிப்பைக் கெடுத்துட்டியே!" என்றார். ஃபோர்மன் வாயே திறக்கவில்லை. என்னை வண்டிக்குள் ஏற்றினார். கண்ணைத் துணியால் கட்டி, மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, "இப்ப வெளிய வாடா தம்பி" என்றார்.

அந்தக் கதவுக்குக் கைப்பிடி மாட்டியவனே நான்தான். இருந்தும் தடவினேன், தடவினேன், சீட்டுக் கம்பியில் முழங்கால் இடித்ததுதான் மிச்சம். கைப்பிடியை மேலே தூக்குவதா, கீழே அமுக்குவதா என்று அந்த நேரத்தில் கை குழம்பிப்போனது. வெளியே வந்தபோது எனக்குக் கோபம். "கண்ணைக் கட்டினா எழுத்து இருந்தா மட்டும் தெரியுமாண்ணே?" என்று கேட்டேன். "தெரிஞ்ச உனக்கே இவ்வளவு நேரம். தெரியாதவனுக்கு? அவன் ஏறி உட்கார்ந்ததும் கண்ணு தெரியிறப்பவே படிச்சு வச்சுக்கத்தானடா அந்த எழுத்து" என்றார். அன்று மாலை நானே எழுதிக் கொடுத்தேன்.

இதை நான் மறந்தே போயிருப்பேன். 1988இல் ஒரு செய்தி வந்தது. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் கேரல்டன் என்ற ஊருக்கு அருகில், மே மாதம் 14ஆம் தேதி இரவு நடந்த விபத்து. பழைய பள்ளி பஸ் ஒன்று. ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த பிள்ளைகள் கேளிக்கைப் பூங்காவுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். டிரைவரோடு சேர்த்து 67 பேர். குடித்துவிட்டு ஒருவன் நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் லோரி போன்ற சிறு வண்டியை ஓட்டி வந்து மோதினான். பெட்ரோல் தொட்டி கிழிந்து தீப்பிடித்தது. முன் கதவு நசுங்கித் திறக்கவில்லை. எல்லோரும் ஒடுக்கமான நடைவழியில் பின் கதவை நோக்கி நெருக்கினார்கள். அந்தப் பின் கதவு ஒன்றுதான் மிச்சமிருந்த கதவு. 27 பேர் இறந்தார்கள். அவர்களில் 24 பேர் பிள்ளைகள். மோதலில் இல்லை, தீயிலும் புகையிலும்.

இன்னொன்றையும் கேளுங்கள். பள்ளி பஸ்ஸின் எரிபொருள் தொட்டி மோதலைத் தாங்க வேண்டும் என்ற அமெரிக்க விதி 1977 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. இந்த வண்டியின் சேசிஸ் அதற்குச் சில நாட்களுக்கு முன்னால் செய்தது. சில நாட்கள்தான்!

அங்கே பஸ்ஸின் அவசர வழிகளுக்கென்று தனி விதி 1970களிலிருந்தே இருக்கிறது. 217ஆம் எண் தரவிதி என்பார்கள். கேரல்டன் விபத்துக்குப் பிறகு 1992இல் அதைத் திருத்தினார்கள். பள்ளி பஸ்ஸில் எத்தனை பேர் உட்காரலாமோ அதற்குத் தக்கபடி அவசர வழிகளும் கூடுதலாக இருக்க வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு வழியின் ஓரத்தையும் சுற்றி வெளிப்புறத்தில், வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டை குறைந்தது 2.5 சென்டிமீட்டர் அகலத்தில் ஒட்ட வேண்டும். இருட்டில் உதவிக்கு ஓடி வருகிறவனின் டோர்ச் விளக்கு பட்டால் கதவு எங்கே என்று தெரிய வேண்டுமல்லவா?

எழுத்துக்கும் அளவு உண்டு. 'எமர்ஜென்சி டோர்' அல்லது 'எமர்ஜென்சி எக்சிட்' என்ற எழுத்து பள்ளி பஸ்ஸில் குறைந்தது 5 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும், பின்னணி நிறத்திலிருந்து பளிச்சென்று வேறுபட வேண்டும். திறக்கும் முறையைக் கைப்பிடியிலிருந்து 16 சென்டிமீட்டருக்குள் எழுத வேண்டும். 'தூக்கு, பிறகு தள்ளு' என்பது மாதிரி. மற்ற பஸ்களில், ராத்திரி நேரத்து வழக்கமான உள்விளக்கு மட்டும் எரியும்போது, பக்கத்துச் சீட்டில் இருப்பவர் அதைப் படிக்க முடிய வேண்டும் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். பள்ளி பஸ்ஸின் அவசரக் கதவைப் பூட்டுப் போட்டுப் பூட்டி வைத்தால் எஞ்சினே ஸ்டார்ட் ஆகாது. இதைப் படித்தபோது எங்கள் ஃபோர்மன்தான் போய் எழுதிக் கொடுத்தாரோ என்று நினைத்தேன்.

சரி, விதி இருந்தால் போதுமா? பஸ் செய்கிற கம்பெனியும் மனிதர்கள் நடத்துவதுதானே. ஒட்ட மறக்கிறார்கள், சின்ன எழுத்தாக ஒட்டுகிறார்கள், தள்ளி ஒட்டுகிறார்கள். அப்போதுதான் 'ரீகால்' வருகிறது. விற்ற வண்டியைத் திரும்ப அழைப்பது. 1966இல் வந்த சட்டம் இது. விதிக்குப் பொருந்தாத குறை இருப்பதாகக் கம்பெனிக்குத் தெரிந்தால் ஐந்து வேலை நாளுக்குள் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பிறகு வாங்கியவர்களுக்குக் கடிதம் போட வேண்டும், காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். பிரேக் கோளாறுக்கு மட்டும் இல்லை, அவசர வழியின் எழுத்து சரியில்லை என்பதற்கும் அங்கே இப்படிப் பலமுறை பஸ்களை அழைத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் ஒரு ஸ்டிக்கரை ஒட்டினால் வேலை தீர்ந்தது.

"இது அற்பக் குறை, பாதுகாப்புக்குப் பங்கம் இல்லை" என்று கம்பெனி மனுப் போடவும் வழி வைத்திருக்கிறார்கள். அரசாங்கம் மனுவைப் பார்த்துச் சிலவற்றை ஒத்துக்கொள்கிறது, சிலவற்றைத் தள்ளிவிடுகிறது. எழுத்து ஒரு நூல் அளவு குறைந்ததற்கெல்லாம் ஆயிரம் வண்டியை அலைக்கழிப்பது எனக்கும் அதிகமாகத்தான் படுகிறது. ஆனால் எது அற்பம் என்று முடிவு செய்கிறவன் குறையைச் செய்தவனாக இருக்கக் கூடாது. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினோரு மாதம் அது அற்பம் என்றுதானே இருந்தேன்!

ரீகாலிலும் ஓர் ஓட்டை உண்டு. கடிதம் போகும், ஆனால் வண்டி கைமாறிப் போயிருக்கும். புதுச் சொந்தக்காரர் முகவரி மாறியிருக்கும். கடிதத்தைப் பிரித்துப் பார்த்தவர், "எழுத்துதானே, பள்ளி விடுமுறையில் பார்த்துக்கலாம்" என்று மேசைக்குள் வைத்திருப்பார். கடிதம் வந்தும் சரிசெய்யாமல் ஓடுகிற வண்டிகள் எப்போதும் இருக்கின்றன.

பெற்றோர்களே, நான் இன்று காலை சீக்கிரமே வந்துவிட்டேன். வாசலில் பிள்ளைகளை ஏற்றி வந்த மூன்று பஸ்கள் நிற்பதைப் பார்த்ததும் பழைய புத்தி போகவில்லை. டிரைவர்களிடம் கேட்டுக்கொண்டு உள்ளே ஏறிப் பார்த்தேன். நல்ல மனிதர்கள், கோபித்துக்கொள்ளவில்லை. ஒன்றில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. இன்னொன்றில் கதவு நன்றாகத் திறக்கிறது. ஆனால் எழுத்தின் மேல் யாரோ கார்ட்டூன் படம் ஒட்டியிருக்கிறார்கள். மூன்றாவதில் எழுத்து இருக்கிறது. கதவை மறைத்து, இன்றைய விழாவுக்குக் கொண்டு வந்த நாற்காலிகள் போக மீதி நாற்காலிகளை அடுக்கிக் கயிறு கட்டி வைத்திருந்தது. கயிற்றை டிரைவர் அண்ணனே அவிழ்த்துவிட்டார். படத்தைச் சுரண்ட எனக்கு அரை மணி நேரம் ஆனது, இதோ நகத்தைப் பாருங்கள். அந்தப் படத்தை ஒட்டிய செல்வம் யாரென்று எனக்குத் தெரிய வேண்டாம்.

தலைமையாசிரியரிடம் ஓர் அனுமதி கேட்டேன், பெரிய மனது பண்ணிக் கொடுத்திருக்கிறார். விழா முடிந்து பஸ் கிளம்புவதற்கு முன்னால், பஸ்ஸில் வந்த பிள்ளைகள் ஒவ்வொருவரும் அந்த எழுத்தை வாய்விட்டுப் படித்துவிட்டு, கதவைத் தன் கையால் திறந்து அந்த வழியாகவே ஒருமுறை இறங்கப் போகிறார்கள். ஆறாம் ஆண்டு மாணவர்கள் கீழே நின்று சின்னப் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்வார்கள். கொஞ்சம் உயரம், பயப்பட வேண்டாம், நானும் பக்கத்தில் நிற்பேன். பரிசுக் கோப்பைகளை மட்டும் அம்மா கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.